மூன்றாம் விசிலுக்குப் பின்: குக்கர் அடங்கும் காலத்தில் தாய்மார் அடையும் உவகையைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

அரசர்களுடைய ஆனந்தத்தைப் பற்றி மெய்க்கீர்த்திகளும், துறவிகளுடைய ஆனந்தத்தைப் பற்றி உபநிஷத வியாக்கியானங்களும், காதலர்களுடைய ஆனந்தத்தைப் பற்றிச் சங்க காலம் தொட்டுச் சினிமாக் காலம் வரையில் எண்ணிறந்த பாடல்களும் நமக்குக் கிடைத்திருக்க, காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பள்ளிக்கூடப் பிள்ளையின் ஒற்றைக் காலுறையுமாக நிற்கும் குடும்பத் தாய்க்கு ஆனந்தம் என்று ஒன்று உண்டா, உண்டெனில் அது எந்த நிமிஷத்தில், எந்த நிமித்தத்தால், எவ்வளவு நேரம் சம்பவிக்கிறது என்ற கேள்வியை மட்டும் நம் பண்டிதர்கள் எழுப்பாமலே விட்டுவிட்டார்கள். அவர்கள் சிந்தனையில் ஆழ்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்திலும் அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தவள் அவளே என்பது இதற்குக் காரணமாகலாம். காபி தவறாமல் வந்துகொண்டிருக்கும் வரையில், அது வரும் திசையைத் திரும்பிப் பார்க்கும் அவசியம் பண்டிதர்களுக்கு ஏற்படுவதில்லை.

இக்குறையை நிவர்த்திக்க எண்ணித் தொடங்கிய இவ்வாராய்ச்சிக்குச் சென்னையின் ஈக்காட்டுத்தாங்கல் களமாக அமைந்ததற்கு, ஆராய்பவள் அங்கே வாடகைக்குக் குடியிருக்கிறாள் என்பது ஒரு காரணமே தவிர முழுக் காரணமன்று. மயிலாப்பூரில் வாழும் தாய்க்கு மனம் சோர்ந்தால் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகள் இருக்கின்றன. தியாகராய நகரில் வாழ்பவளுக்கு ரங்கநாதன் தெரு இருக்கிறது. அடையாற்றில் வாழ்பவளுக்கு எலியட்ஸ் கடற்கரையின் காற்று இருக்கிறது. ஒருபுறம் அடையாறு நதி, மற்றொரு புறம் 1958-ஆம் ஆண்டில் உண்டான கிண்டித் தொழிற்பேட்டை, நடுவே இரவும் பகலும் உறங்காத நூறடிச் சாலை, அதன் அருகே 2015-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி முதல் தலைக்குமேல் ஓடும் மெட்ரோ ரயில், ஒலிம்பியா டெக் பார்க்கின் கண்ணாடிச் சுவர்கள் என்று அமைந்துவிட்ட ஈக்காட்டுத்தாங்கலிலோ, மன மகிழ்ச்சிக்கென்று பிரத்தியேகமாக ஒதுக்கப்பட்ட ஸ்தலம் ஏதும் இல்லை. ஆகையால் இங்கே ஒரு தாயின் முகத்தில் மகிழ்ச்சி காணப்படுமானால், அது வீட்டுக்குள்ளேயே உற்பத்தியானதாகத்தான் இருக்க வேண்டும். வெளிச் சரக்கின் கலப்பில்லாத இத்தகைய சுத்தமான மாதிரி வேறு பேட்டைகளில் ஆராய்ச்சியாளருக்குக் கிடைப்பது துர்லபம்.

ஆராய்பவளும் ஆராயப்படுபவளும் ஒருத்தியாகவே இருப்பது சாஸ்திர முறைக்கு ஒவ்வாது என்று ஆக்ஷேபிப்பார் சிலர் உண்டு. இரண்டாவதாக ஒருத்தியை அமர்த்தினால் அவளுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டியிருக்கும் என்பதே அவர்களுக்குச் சமாதானம்.

முன்னோர் இவ்விஷயத்தில் அறவே மௌனம் சாதித்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மெய்ப்பாடுகள் எட்டென வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் ஒன்றாகிய உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களன்களைக் கூறியிருக்கிறார். அவர் நான்கு என்று வரையறுத்த பின்பு ஐந்தாவது ஒன்றைத் தேடுவது அடக்கமின்மையாகுமாதலால், அந்நான்கையும் ஈக்காட்டுத்தாங்கல் சமையலறையில் வைத்து முறையே சோதித்துப் பார்ப்பது கடமையாயிற்று.

செல்வத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். துவைக்கப் போடும் கால்சட்டைப் பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்று அகப்படுமாயின் உள்ளத்தில் ஒரு மலர்ச்சி உண்டாவது மெய்யே. ஆனால் பூக்காரி முதல் பூட்டு ரிப்பேர்க்காரர் வரை எல்லோரும் கியூ.ஆர். அட்டையை நீட்டத் தொடங்கிய பின்பு, கணவன்மார் பைகளில் தாள் இருப்பதே அருகிவிட்டது. அந்தப் பைகளிலிருந்து இக்காலத்தில் அகப்படுவன டீக்கடைத் துண்டுச் சீட்டுகள். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கி மாநில அரசாங்கம் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதந்தோறும் வழங்கும் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வந்துசேரும் நாளில், குறுஞ்செய்தியின் ஓசையோடு கூடவே எழும் உவகையை யாரும் மறுப்பதற்கில்லை. எனினும் அது மாதத்துக்கொரு முறை விளைவது. நாம் தேடுவதோ நாள்தோறும் விளைவதை. அடுத்ததாகிய புலன் என்பதற்கு அறிவு என்று பொருள் கொள்வாரும், ஐம்புல நுகர்ச்சி என்று பொருள் கொள்வாரும் உண்டு. அறிவு எனக் கொண்டால், ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கைப் பிள்ளைக்கு விளக்கும் தாயிடம் தோன்றுவது வெகுளியாகும். அது வேறொரு மெய்ப்பாடு. நுகர்ச்சி எனக் கொண்டால், தான் போட்ட காபியைச் சூடு ஆறாமல் குடித்த தாய் ஒருத்தியைக் கண்டுபிடித்து வந்த பிறகே விவாதத்தைத் தொடர இயலும்.

புணர்வின் நிலை இதனினும் பரிதாபகரமானது. எங்கள் எதிர்வீட்டுத் தம்பதியருள் கணவர் அமெரிக்கக் கடிகாரத்தை அனுசரித்து இரவு ஷிப்டில் வேலை பார்ப்பவர், மனைவி காலை ஷிப்டு. இருவரும் சந்திக்கும் இடம் லிஃப்ட் வாசல், சந்திப்பில் பேசப்படும் பொருள் கேஸ் புக் செய்தாயிற்றா என்பது. இதை அகத்திணையுள் எந்தத் திணையில் அடக்குவது என்பதைப் புலவர்கள்தாம் தீர்மானிக்க வேண்டும். எஞ்சிய விளையாட்டு என்பதற்கு, ஆற்றிலும் சோலையிலும் ஆடி மகிழ்தலைப் பழைய மரபு சிறப்பித்துக் கூறும். ஆறு நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் ஆற்றங்கரை வீட்டார் மாலை வேளையில் ஜன்னல்களைச் சாத்திவைக்கும் காரணத்தை அறிந்த எவரும், அடையாற்றில் இறங்கி ஆடும்படி ஒரு தாய்க்கு யோசனை சொல்லத் துணியமாட்டார்.

தொல்காப்பியரிடம் விடைபெற்றுக்கொண்டு நவீனப் பிரமாணங்களை அணுகினால், அங்கே எண்கள் நமக்காகக் காத்திருக்கின்றன. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷங்களும், அவ்வாறு ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷங்களும் அதற்குச் செலவிடுவதாகக் கண்டது. 2024-ஆம் ஆண்டில் மறுபடியும் எண்ணியபோது பெண்களின் கணக்கு 289 ஆயிற்று. குறைந்துபோன அந்தப் பத்து நிமிஷங்களை ஆண்கள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்று மகிழ்ந்து அடுத்த பத்தியைப் பார்த்தால், அவர்கள் கணக்கும் 97-லிருந்து 88-ஆக இறங்கியிருக்கிறது. இரு சாராரும் கைவிட்ட வேலையை இப்போது யார் செய்கிறார் என்பது தனியாக ஆராய்வதற்குரியது. எங்கள் வீட்டில் அது பரணில் இருக்கிறது.

ஆனால் நம் கவனத்துக்குரியது அந்த எண்களைவிட அவை எடுக்கப்பட்ட முறை. அக்கணக்கெடுப்பு ஒரு நாளை அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை நான்கு மணி வரையில் அரை மணிக் கூறுகளாகப் பிரிக்கிறது. (நாள் நான்கு மணிக்குத் தொடங்குகிறது என்று தீர்மானித்த அதிகாரி, மார்கழி மாதத்தில் கோலம் போடும் வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும்.) ஓர் அரை மணிக் கூறுக்குள் அதிகபட்சம் மூன்று காரியங்களே குறிக்கப்படும், அவையும் ஒவ்வொன்றும் பத்து நிமிஷமோ அதற்கு மேலோ நீடித்தவையாக இருத்தல் வேண்டும். பத்து நிமிஷத்துக்குக் குறைந்த எதுவும் ஏட்டில் ஏறாது. அதாவது, ஒரு தாய் ஏழு நிமிஷம் சிரித்துக்கொண்டிருந்தாளாயின், இந்திய அரசாங்கத்தைப் பொறுத்த வரையில் அவள் சிரிக்கவே இல்லை.

இங்கேதான் நம் ஆராய்ச்சிக்குத் திறவுகோல் கிடைக்கிறது. தொல்காப்பியருடைய நான்கிலும் அடங்காமல், அரசாங்கத்தின் பத்து நிமிஷ விதிக்கும் அகப்படாமல், ஆனால் ஞாயிறு திங்கள் என்ற வித்தியாசம் இன்றி நாள்தோறும் வந்துபோகும் ஒரு காலக்கூறு நம் வீடுகளில் இருக்கிறது. துவரம்பருப்பை ஏற்றிய குக்கர் மூன்றாம் விசிலை விட்டு, அடுப்பு அணைக்கப்பட்ட கணம் தொடங்கி, உள்ளே இருக்கும் ஆவி தணிந்து மூடியைத் திறக்க இடங்கொடுக்கும் கணம் வரையில் உள்ள ஏழெட்டு நிமிஷங்களே அது. "பிரஷர் அடங்கட்டும்" என்று வீடுதோறும் சொல்லப்படும் வாக்கியம் இதையே சுட்டுவதால், இதனை அடங்கற்காலம் என்ற பெயரால் இனி வழங்குவோம்.

அடங்கற்காலத்தின் பௌதிகம் சிக்கலானதன்று. மூடிய பாத்திரத்தில் ஆவி வெளியேற வழியின்றிச் சேரச் சேர அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக் கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடும் உயர்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், குக்கருக்குள் ஏறக்குறைய 120 பாகை வரை செல்கிறது. அடுப்பை அணைத்தவுடன் இந்தச் சூடு ஓடிவிடுவதில்லை. ஆகையால் அணைத்த பிறகும் பருப்பு சிறிது நேரம் வெந்துகொண்டே இருக்கிறது. இது அற்பமான உண்மையாகத் தோன்றலாம். ஆனால் இதன் சட்ட விளைவு மகத்தானது: அடங்கற்காலத்தில் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் தாய் வேலையை நிறுத்திவிட்டாள் என்று எந்த மாமியாராலும் சொல்ல முடியாது, பருப்பு வெந்துகொண்டிருக்கிறதே! அவள் உட்கார்ந்திருக்கிறாள், அதே சமயம் சமைத்துக்கொண்டும் இருக்கிறாள். வேதாந்திகள் பெரும் பிரயாசையோடு விளக்க முற்பட்ட செயலற்ற செயல் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் நிரூபணம் ஆனதில்லை.

குக்கர் என்னும் இக்கருவியைக் கண்டுபிடித்தவர் டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சுக்காரர். 1679-ஆம் ஆண்டில் லண்டனில் இதை அவர் காட்டினார். 1682-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ராயல் சொசைட்டி அங்கத்தினர்களுக்கு இதில் சமைத்தே ஒரு விருந்தும் வைத்தார் என்பதையும், அதில் எலும்புகள்கூடக் கடித்துத் தின்னும் பதத்துக்கு மிருதுவாகியிருந்தன என்பதையும், விருந்துண்ட ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மூடி திறக்கும் வரையில் அந்த மேதைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள், யார் எதைப் பற்றிப் பேசினார்கள், அடிப்பிடித்த பாத்திரத்தை யார் தேய்த்தார்கள் என்பவற்றில் அவர் சிரத்தை காட்டவில்லை. விஞ்ஞான சரித்திரத்தின் முதல் அடங்கற்காலம் இவ்வாறு பதிவின்றி வீணாயிற்று.

பாப்பினைவிட நமக்கு நெருங்கிய ஒருவரையும் இங்கே பிரஸ்தாபிக்க வேண்டும். 1955-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கியபோது, ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து குழவியைச் சுழற்றிச் சுழற்றித் தோள் கன்றிய பெண்களுக்கு முக்கால் மணி நேரம் விடுதலை கிடைத்தது. அந்த முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று என்று கேட்டால், கிரைண்டர் ஓடும்போதே துணி மடிக்கப்படுகிறது, வெண்டைக்காய் நறுக்கப்படுகிறது, வீட்டுப்பாடம் கேட்கப்படுகிறது என்பதே விடை. முன்பு வாரத்துக்கொரு நாள் அபூர்வமாக இருந்த இட்லி, அரைப்பது சுலபம் என்ற காரணத்தாலேயே தினப்படி உரிமையாக மாறியது. அமெரிக்கச் சரித்திர ஆசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், வீட்டு இயந்திரங்கள் பெருகியும் தாயின் வேலை குறையவில்லை என்பதை அந்நாட்டு அடுப்புகளையும் சலவை இயந்திரங்களையும் கொண்டு விரிவாக நிறுவினார். அவர் ஈக்காட்டுத்தாங்கலுக்கு வந்திருந்தால் நூலின் தடிமன் கூடியிருக்கும், முடிவு மாறியிராது.

இதிலிருந்து பிறக்கும் சித்தாந்தம் இது: இயந்திரம் தாய்க்குக் கொடுக்கும் நேரத்தை வீடு எடுத்துக்கொண்டுவிடும், இயந்திரம் தாய்க்குத் தடுக்கும் நேரத்தை வீட்டால் எடுத்துக்கொள்ள முடியாது. கிரைண்டர் அவளுக்கு உதவி செய்கிறது. ஆகவே அவள் வேறு வேலைக்கு ஏவப்படுகிறாள். குக்கரோ அவளுக்கு உதவுவதோடு நில்லாமல் அவளைத் தடுத்தும் நிறுத்துகிறது; சாம்பாருக்குப் பருப்பு வர வேண்டும், பருப்பு குக்கருக்குள் இருக்கிறது, குக்கர் திறக்காது; கரைத்த புளி ஒருபுறம், நறுக்கிய காய் ஒருபுறம், தாளிப்பதற்கு எடுத்துவைத்த கடுகு ஒருபுறமாக உலகம் முழுவதும் ஒரு மூடியின் முன்னால் கைகட்டி நிற்கிறது.

கிண்டித் தொழிற்பேட்டையில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குபவள் என்ற முறையில் ஆராய்பவளுக்கு இவ்விஷயத்தில் ஒரு சட்ட நுணுக்கமும் தென்பட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 55-ஆம் பிரிவில், எந்தத் தொழிலாளியும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யலாகாது, இடையே அரை மணியாவது ஓய்வு தரப்பட வேண்டும் என்று விதித்தது. அதன் பயனாகத் தொழிற்பேட்டையில் சங்கு ஊதுகிறது, லேத் மெஷின் நிற்கிறது, டீ வருகிறது. அதற்குக் கூப்பிடு தூரத்தில், மிக்ஸியும் கிரைண்டரும் குக்கரும் மின்சாரத்தோடும் நெருப்போடும் இயங்கும் சமையலறையில் அச்சட்டம் செல்லுபடியானதில்லை. ஏனெனில் அச்சட்டத்தின்படி, மின்சக்தியைப் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. சமையலறையில் பத்துப் பேருடைய வேலை நடந்தாலும் செய்பவள் ஒருத்தியே. ஆகவே அந்த ஒருத்திக்கு ஓய்வை உறுதி செய்யும் தொழிற்சாலை ஆய்வாளர் குக்கரைத் தவிர வேறு யாரும் இல்லை. சிபாரிசுக்கு இணங்காத, தேநீர் கொடுத்துச் சரிக்கட்ட முடியாத ஆய்வாளர் இவர் ஒருவரே என்பதையும் குறிப்பிடுவது நியாயம்.

காத்திருத்தல் என்ற பொதுப்பெயரால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதிவிடலாகாது. ஆவின் பாக்கெட்டைக் கத்தரித்துப் பால் காய்ச்சுவதும் காத்திருத்தல்தான். ஆயினும் பாலின் மேல் ஏடு படர்ந்து, அதன் அடியில் குமிழிகள் சிறைப்பட்டு, ஒரே கணத்தில் அது பொங்கி வழிவது, நாம் முகத்தைத் திருப்பிய அந்த ஒரே கணத்தில்தான். நீல பாக்கெட்டில் 3 சதவீதமும் பச்சையில் நாலரை சதவீதமும் கொழுப்பு உண்டு என்பது போன்ற பேதங்கள் இந்தத் துரோகத்தின் முன் அழிந்துபோகின்றன. எல்லா நிறமும் வழிகிறது. இது கண்ணை எடுக்கலாகாத காத்திருப்பு. குக்கருடையதோ கையை வைக்கலாகாத காத்திருப்பு. முன்னது அடிமைத்தனம், பின்னது ஸ்வராஜ்யம். தோசை மாவு புளிப்பதற்குக் காத்திருப்பது இரண்டிலும் சேராது. அந்நேரத்தில் நாம் உறங்கிவிடுகிறோம்.

இங்கே பூர்வபக்ஷி ஒருவர் எழுந்து, காத்திருப்பதுதான் உவகை என்றால் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்வூரார் யாவரும் பேரின்பத்தில் திளைத்திருக்க வேண்டுமே என்று மடக்கக்கூடும். செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரையில் திறந்துவிடப்பட்ட நீரும் மழை நீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டு, தெருக்கள் ஆறாகி, மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போய், ஜனங்கள் மேல்மாடிகளில் காத்திருந்தார்கள். அப்போது தாய்மார் முகத்தில் இருந்தது அச்சம், உவகையன்று. ஆக்ஷேபம் வலுவானதே. அதனால் நம் சூத்திரத்தில் ஒரு திருத்தம் செய்கிறோம்: உவகை தரும் காத்திருப்புக்கு முடிவு தெரிந்திருக்க வேண்டும். ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்தின் பலகை அடுத்த வண்டி நான்கு நிமிஷத்தில் என்று சொன்னால் நாம் நிம்மதியாக நூறடிச் சாலையை வேடிக்கை பார்க்கிறோம். அந்தச் சாலையில் கீழே நின்று, எப்போது வரும் என்று தெரியாத பஸ்ஸை எதிர்நோக்குபவர் எதையும் வேடிக்கை பார்ப்பதில்லை.

முடிவு தெரிய வேண்டுமானால் தொடக்கம் தெரிய வேண்டும். தொடக்கமோ மூன்றாம் விசில். அது மூன்றாவதுதான் என்று அறிவது எப்படி என்ற வினா, நியாய சாஸ்திரத்தின் நான்கு பிரமாணங்களையும் எங்கள் ஹாலுக்கு இழுத்துவந்துவிட்டது. பிரத்தியக்ஷத்தை நம்பும் மூத்த மகள், காதில் ஹெட்போன் மாட்டியிருப்பதால் எப்போதும் ஒன்று குறைவாகவே எண்ணுவாள். வீட்டுக்காரர் அனுமானவாதி. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானித்த பழைய நையாயிகர்களுடைய மரபில், அடிப்பிடித்த வாசனையைக் கொண்டு ஏழு விசில் வந்திருக்கிறது என்ற முடிவுக்கு, நாளிதழைக் கீழே வைக்காமலே வருவார். "நேத்து மாதிரிதாம்மா வந்துச்சு" என்று உபமானத்தால் பதில் சொல்வான் இளையவன். சோபாவிலிருந்து அத்தை, "மூணு ஆயிடுச்சு, அணைச்சுடு" என்று அருளும் வாக்கு ஆப்த வாக்கியம். அதை மறுத்துப் பேசுவது தர்க்கத்துக்குச் சம்மதமானாலும் குடும்பத்துக்குச் சம்மதமன்று. இவற்றோடு பிரமையும் கலந்துகொள்கிறது. எங்கள் சமையலறை ஜன்னலும் எதிர்வீட்டுச் சமையலறை ஜன்னலும் ஒரு முழ இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால், அவர்கள் வீட்டு விசில் எங்கள் கணக்கிலும் எங்கள் வீட்டு விசில் அவர்கள் கணக்கிலும் ஏறுவது உண்டு. கயிற்றைப் பாம்பென மயங்கியவன் விளக்கைக் கொண்டுவந்தால் தெளிவான். எதிர்வீட்டு விசிலைத் தன் வீட்டு விசிலென மயங்கியவள் பல்லில் படும் பருப்பைக் கொண்டே தெளிய வேண்டும்.

அடங்கற்காலத்தில் உண்மையாக நடப்பதென்ன என்ற பிரதான விஷயத்துக்கு இப்போது வருவோம். பத்திரிகைகளில் தாய்மாருக்கு யோசனை எழுதுவோர் ஏறக்குறைய ஒருமுகமாகத் தனிமைவாதிகள். தாய் தனக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும், அறையில் தனியே அமர்ந்து மூச்சைக் கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் மதம். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அறைக்கதவைச் சாத்திய தாய் ஒருத்தி, கதவின் அடியில் நுழையும் நான்கு சிறு விரல்களையும், "என்னம்மா பண்றே?" என்ற குரலையும் எதிர்கொள்ளும்போது எந்த மூச்சைக் கவனிப்பது என்பதை அவர்கள் விளக்கியதில்லை. அதைவிட முக்கியமானது, நாம் கண்ட உவகை தனிமையிலிருந்து பிறப்பதாகத் தெரியவில்லை. அடங்கற்காலத்தில் வீட்டார் விலகிப்போவதற்குப் பதிலாக ஒவ்வொருவராக வந்து சேருகிறார்கள். முக்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்ற செய்தி எவ்விதமோ வீடு முழுவதும் பரவிவிடுகிறது.

இளையவன் ஒற்றைக் காலுறையோடு வந்து சமையலறை நிலைப்படியில் உட்காருகிறான். "ஆக்டோபஸுக்கு மூணு இதயம், தெரியுமா?" என்கிறான். தெரியும் என்றால் முகம் வாடும். ஆகையால் தெரியாது என்று சொல்லப்படுகிறது. "அப்போ அதோட அம்மாவுக்கு?" என்று சற்று யோசித்துக் கேட்கிறான். மற்ற நேரமானால் இந்தக் கேள்வி, இன்னொரு சாக்ஸ் எங்கே என்ற எதிர்க்கேள்வியால் அந்த இடத்திலேயே அடக்கப்பட்டிருக்கும். அடங்கற்காலத்தில் அதற்கு விடை தேடப்படுகிறது. அவன் நான்கு என்று வாதிக்கிறான். மூத்தவள் தலை பின்னிக்கொள்ளும் வியாஜத்தில் வந்து முதுகைக் காட்டி அமர்ந்து, முகத்துக்கு நேரே சொல்ல முடியாத தோழியர் விவகாரங்களை முதுகுப்புறமாகச் சொல்கிறாள். பதின்மூன்று வயதுப் பெண்ணுடைய மனத்தை அறிய விரும்புவோர் அவள் பின்னலின் பக்கம் இருப்பதே உசிதம். அத்தை வந்து நின்று, விறகடுப்பில் பருப்பு வேக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும், அந்நேரத்தில் தம் தாயார் ஊதாங்குழலும் கையுமாகச் சொன்ன கதைகளையும் சொல்லி, இந்தக் காலத்துப் பருப்பில் வாசனையே இல்லை என்று முடிக்கிறார். வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வருகிறார். கண்ணாடி அவர் நெற்றியில் இருக்கிறது. அதைச் சொல்வது யாருடைய உரிமை என்பதில் பிள்ளைகளுக்குள் போட்டி ஏற்பட்டுச் சிரிப்பு மூள்கிறது.

தொல்காப்பியருடைய நான்கில் இது எதில் அடங்கும் என்று நெடுநேரம் யோசித்தும் புலப்படவில்லை. ஒருவருக்கும் எதையும் செய்துகொடுக்க வேண்டியிராமல் அவர்களோடு கூட இருத்தல் என்று இதற்கு இலக்கணம் சொல்லலாம். நாள் முழுவதும் இவர்களோடுதான் இருக்கிறாள்; ஆனால் எப்போதும் ஏதோ ஒன்றை ஊற்றிக்கொண்டோ, மூடிக்கொண்டோ, தேடிக்கொண்டோ, கையெழுத்திட்டுக்கொண்டோ இருக்கிறாள். கையில் பாத்திரம் இல்லாத நிலையில் தன் குடும்பத்தாரை நேருக்கு நேர் பார்த்தால் அவர்கள் சுவாரஸ்யமான மனிதர்களாகவே தோன்றுகிறார்கள் என்பது, இவ்வாராய்ச்சியில் எதிர்பாராமல் கிடைத்த உபரி முடிவு.

இந்த உவகைக்கு விரோதிகளும் இருக்கிறார்கள். கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விரட்டுவோரும், குக்கரையே குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிடுவோருமாகிய அவசரவாதிகள் எல்லாக் குடும்பத்திலும் தோன்றுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கட்சிக்குத் தலைவர் வீட்டுக்காரர். எட்டு நிமிஷத்தை மிச்சப்படுத்த அவர் ஒருமுறை எடுத்துக்கொண்ட முயற்சியின் மஞ்சள் நிறச் சான்று சமையலறைக் கூரையில் இன்றும் காணக்கிடைக்கிறது. இவர்களைக் கண்டித்துத் திருத்திவிடலாம். திருத்த முடியாதது அன்பினால் வரும் அபாயம்.

சிங்கப்பூரிலிருக்கும் நாத்தனார், அண்ணி எத்தனை நேரம்தான் அடுப்படியில் நின்று கஷ்டப்படுவாள் என்று உருகி, மின்சாரக் குக்கர் ஒன்றை அனுப்பிவைத்திருக்கிறாள். அது விசில் விடுவதில்லை. எண்ணவேண்டிய அவசியமே இல்லை. வேலை முடிந்ததும் தானாகவே நின்றுகொள்ளும். பொத்தானை அழுத்தினால் ஆவியை ஒரே மூச்சில் வெளியேற்றி, உடனே திறந்துகொள்ளும். பிள்ளைகள் அதன் விளக்கக் குறிப்பைப் படித்துப் பரவசமடைந்தார்கள். ஆராய்பவள் அதைப் பத்திரமாக அட்டைப் பெட்டியோடு லாஃப்டில் ஏற்றிவைத்து, பிளக் பாயின்ட் சரியில்லை என்று காரணம் சொல்லியிருக்கிறாள். நாத்தனார் பொங்கலுக்கு வருகிறாள். அதற்குள் அதை இறக்கித் தூசி தட்டி, நாள்தோறும் பயன்பட்டதாகத் தோன்றும் அளவுக்கு அதன் அடியில் கொஞ்சம் மஞ்சள் கறை ஏற்ற வேண்டும்; இளையவனிடம் விஷயத்தைச் சொல்லிவைத்திருப்பதுதான் சற்றுக் கவலையாக இருக்கிறது.